கோழிமுட்டையும் காற்றுமண்டலமும்

மனிதர் உண்ணும் பொருள்களுள் முட்டையைப்போல் எங்கும் ஒரே வடிவாய்க் கிடைப்பது அரிது. சோறு நாட்டிற்கு நாடு வேறுபடும், ரொட்டி வேறுபடும், மீனும் கீரையும் கடலுக்கும் மண்ணுக்கும் ஏற்ப மாறும். முட்டையோ நாமக்கல்லில் இட்டதாயினும் நெதர்லாந்தில் இட்டதாயினும் ஓடும் வெண்கருவும் மஞ்சட்கருவுமே. உடைத்துப் பார்த்து இஃது இன்ன நாட்டது என்று கூற வல்லார் எவருமிலர். ஆயினும் அம்முட்டையின் பொருட்டுக் காற்றுமண்டலத்திற் கலந்த வாயுக்களின் அளவை எடுத்து நோக்கின், ஒரு நாட்டு முட்டைக்கும் மற்றொரு நாட்டு முட்டைக்கும் இடையே பெரியதோர் வேற்றுமை தோன்றுகின்றது. அவ்வேற்றுமை எங்ஙனம் உண்டாயிற்று, அளப்போர் அதனை எவ்வாறு அளக்கின்றனர், அவ்வளவைக் கொண்டு எதனைத் துணியலாம், எதனைத் துணியலாகாது என்பனவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

தமிழ் இலக்கியம் பயிலும் எமக்குக் கோழிப்பண்ணைக் கணக்கு எதற்கு என்று வினவுவோர் நம் கல்லூரியில் உளர். அவர்க்கு விடை இரண்டு. ஒன்று, அறிவியற் பொருளைத் தமிழிற் சொல்லவியலுமா என்பதைச் சொல்லிப் பார்த்தே அறிதல் வேண்டும். மற்றொன்று, முட்டை நம் நாட்டில் வெறும் சுவைப்பொருள் அன்று. பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவில் வைக்கப்படும் பொருள். அதனைக் குறித்து உலக அரங்கில் எண்கள் பேசப்படுங்கால், அவ்வெண்களின் பொருளை நாம் அறியாதிருத்தல் தகாது.

காற்றுமண்டலத்தை வெப்பமூட்டும் வாயுக்களுள் உழவோடு தொடர்புடையன மூன்று: கரியமிலவாயு, மீதேன், நைட்ரஸ் ஆக்ஸைடு. இவற்றின் வலிமை ஒத்ததன்று. காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையேயான குழு 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நூறாண்டுக் காலத்தை எல்லையாகக் கொண்டால், ஒரு கிலோ மீதேன் ஏறக்குறைய 27 கிலோ கரியமிலவாயுவுக்கும், ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்ஸைடு ஏறக்குறைய 273 கிலோ கரியமிலவாயுவுக்கும் ஒப்பாகும். இவ்வாறு மூன்றையும் கரியமிலவாயுக் கணக்கிற்கு மாற்றிக் கூட்டிய தொகையையே இக்கட்டுரையில் ‘வாயுப்பளு’ என்று வழங்குவோம். பசுவும் ஆடும் அசைபோடும் விலங்குகளாதலின் அவற்றின் வயிற்றிலேயே மீதேன் மிகுதியாய்ப் பிறக்கின்றது. கோழி அசைபோடுவதன்று, அதன் வயிறு இவ்வகையிற் பெரும்பாலும் குற்றமற்றது. ஐக்கிய நாடுகளின் உணவு உழவு அமைப்பின் கணக்கில், ஒரு கிலோ புரதத்தை மாட்டிறைச்சியாகப் பெறின் உண்டாகும் வாயுப்பளு ஏறக்குறைய 300 கிலோ. முட்டையாகப் பெறின் ஏறக்குறைய 30 கிலோ. எனவே முட்டையைப் பழிப்பது எம் கருத்தன்று. முட்டைக்கு முட்டை உள்ள வேற்றுமையே ஆராய்ச்சிப் பொருள்.

ஒப்பிடுமுன் அளவையைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நம் இலக்கண நூலார் அளவை நான்காக வகுத்தனர். கடையில் நாம் முட்டையை எண்ணி வாங்குகின்றோம்; ஆராய்ச்சியாளரோ அதனை எடுத்து, அஃதாவது நிறுத்துக் கணக்கிடுகின்றனர். இது சிறு வேறுபாடு போலத் தோன்றினும் சிறிதன்று. நாட்டுக்கோழி முட்டை ஏறக்குறைய 40 கிராம். பண்ணைக்கோழி முட்டை 55 முதல் 60 கிராம். எண்ணிக்கையில் ஒத்த இரண்டு கூடைகள் நிறையில் ஒவ்வா. இனிக் கணக்கின் எல்லையும் ஆளுக்கு ஆள் வேறுபடும். சிலர் பண்ணை வாயிலோடு கணக்கை முடித்துவிடுவர். சிலர் கடைவரை வந்த வண்டிச் செலவையும் அட்டைப் பெட்டியையும் வழியில் உடைந்த முட்டைகளையும் சேர்ப்பர். காடழித்து விளைத்த தீவனத்தின் பழியைச் சேர்ப்பாரும் உளர், சேர்க்காதாரும் உளர். முட்டையிட்டு ஓய்ந்த கோழி இறைச்சியாக விற்கப்படுங்கால் பளுவில் ஒரு பங்கை அவ்விறைச்சியின் தலையில் ஏற்றுவதும் உண்டு. மீதேனுக்குரிய மடங்குங்கூட அவ்வப்போது திருத்தம் பெறுகின்றது. மேற்கூறிய உணவு உழவு அமைப்பு 2013இல் வெளியிட்ட அறிக்கையில் மீதேனுக்கு 25 என்றும் நைட்ரஸ் ஆக்ஸைடுக்கு 298 என்றும் பழைய மடங்குகளே எடுக்கப்பட்டன. ஆதலின் இங்கிலாந்தார் ஒருவர் எழுதிய எண்ணையும் சீனர் ஒருவர் எழுதிய எண்ணையும் பக்கத்திற் பக்கம் வைத்து இவர் சிறந்தார், அவர் தாழ்ந்தார் என்பது, ஒரு கையில் மரக்காலும் மறுகையில் முழக்கோலும் பிடித்து வாணிகம் செய்தலை ஒக்கும்.

உலக முழுவதையும் ஒரே முறையால் அளந்த நூல்களே ஒப்பீட்டிற்குத் தகுந்தன. அவற்றுள் முதன்மையானது இப்போது குறித்த 2013ஆம் ஆண்டு அறிக்கை. அதன்படி, உலகச் சராசரியில் ஒரு கிலோ முட்டையின் வாயுப்பளு 3.7 கிலோ. இதனைக் கூறுபடுத்திப் பார்த்தால், தீவனம் விளைத்தலும் அரைத்தலும் கொணர்தலுமாகச் சேர்ந்து ஏறக்குறைய 57 சதவீதம். சோயாப் பயிருக்காகப் புதிதாய் நிலம் திருத்தியதனால் 12.7 சதவீதம், எருவினால் ஏறக்குறைய 20 சதவீதம், மின்சாரம், விளக்கு, வண்டி முதலியன எஞ்சியது. 2018இல் ‘சயன்ஸ்’ இதழில் பூரே, நெமெச்செக் என்னும் இருவர் 119 நாடுகளிலுள்ள ஏறக்குறைய 38,700 பண்ணைகளின் விவரங்களைத் திரட்டி வெளியிட்ட ஆராய்ச்சியில் முட்டையின் சராசரி 4.67 கிலோ என வருகின்றது. இரண்டும் பொய்யல்ல, எல்லையும் முறையும் வேறு.

மேற்கண்ட கூறுபாட்டிலிருந்து ஒன்று விளங்கும். முட்டையின் வாயுப்பளு கோழிக்கூட்டிற் பிறப்பதன்று. பெரும்பாகம் வயலிற் பிறப்பது. எந்நாட்டுக் கோழி என்று கேட்பதினும் எந்நாட்டுத் தீவனம் என்று கேட்பதே முறை.

தீவனத்தில் இரண்டு பொருள்கள் தலைமையானவை: மக்காச்சோளமும் சோயாப் பிண்ணாக்கும். சில நாடுகளில் மக்காச்சோளத்திற்குப் பதில் கோதுமை இடுவர். மக்காச்சோளம் தழைச்சத்தை மிகுதியாய் விரும்பும் பயிர். யூரியா முதலிய உரங்களைச் செய்யும் ஆலையிலேயே எரிவாயுவோ நிலக்கரியோ எரிக்கப்படுகின்றது. உலகின் பெரும்பகுதியில் எரிவாயு, சீனத்தில் பெரும்பாலும் நிலக்கரி. நிலக்கரியாற் செய்த உரத்தின் பளு மிகுதி. உலகின் முட்டைகளுள் மூன்றிலொரு பங்கிற்கு மேல் சீனத்தில் இடப்படுவதால் இச்செய்தி உலகச் சராசரியையே அசைக்க வல்லது. உரம் வயலிற் சேர்ந்த பின்னும் வினை தீர்வதில்லை. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் தழைச்சத்தின் ஒரு பகுதியை நைட்ரஸ் ஆக்ஸைடாக மாற்றிக் காற்றில் விடுகின்றன. பொதுவாக நூற்றுக்கு ஒரு பங்கு இவ்வாறு மாறுவதாகக் கணக்கிடுவர். நூற்றுக்கு ஒன்று தானே என்று இகழ்தல் வேண்டா. 100 கிலோ தழைச்சத்து இட்டால் அதில் ஒரு கிலோ போகும். அது நைட்ரஸ் ஆக்ஸைடாக 1.57 கிலோ நிறை பெறும். அதனை 273ஆற் பெருக்கினால் ஏறக்குறைய 430 கிலோ கரியமிலவாயுவுக்கு ஒப்பாகும். கண்ணுக்குத் தெரியாமலும் மூக்கிற்கு எட்டாமலும் வயலினின்று எழும் இச்செலவே தீவனப் பளுவில் பெரியதொரு பங்கு.

சோயாவின் கதை இதற்கு நேர்மாறு. அஃது அவரை இனத்தது; வேர்முடிச்சுக்களால் தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்வது; யூரியா வேண்டி நிற்பதில்லை. அதன் குற்றம் நிலத்தைப் பற்றியது. பிரேஸில் நாட்டிலே அமேஸான் காடுகளும் செராடோ என்னும் புல்மரக் காடுகளும் திருத்தப்பட்டுச் சோயா வயல்களாயின. மரத்திலும் மண்ணிலும் நெடுங்காலம் அடங்கிக்கிடந்த கரி காற்றிற் கலந்தது. 2006இல் வணிகர்கள் கூடி, அமேஸானில் புதிதாய் அழித்த காட்டில் விளைந்த சோயாவை வாங்குவதில்லை என்று உடன்படிக்கை செய்துகொண்டமை இக்கேட்டின் பெருமையைக் காட்டும். உணவு உழவு அமைப்பின் கணக்கில் நிலம் திருத்திய பழி பிரேஸில், அர்ஜென்டினா நாடுகளின் சோயாவுக்கே ஏற்றப்பட்டது. ஆகவே அச்சோயாவைக் கப்பலேற்றி வாங்கும் மேற்கு ஐரோப்பிய நாடுகளின் முட்டை, பண்ணை எவ்வளவு தூய்மையாயினும், அப்பழியைச் சுமக்கின்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ, முட்டை உற்பத்தியில் முதலிடம் பெற்ற அயோவா மாகாணமே மக்காச்சோளத்திற்கும் சோயாவுக்கும் தாயகம்; தீவனம் அண்டையிலேயே விளைகின்றது, பழியும் இல்லை.

பழியில்லை என்றோம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. அதனைச் சொல்லாமற் செல்ல எமக்கு மனம் வரவில்லை. நிலம் திருத்திய கணக்கு வழக்கமாக இருபது ஆண்டுகளையே பின்னோக்கிப் பார்க்கின்றது. அயோவாவின் பெரும்புல்வெளிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உழுது தீர்க்கப்பட்டன. அவற்றின் மண்ணிலிருந்து எழுந்த கரியும் இன்று இதே காற்றுமண்டலத்தின் பங்குதான். ஆயினும் கணக்கேட்டில் அதற்கு வரி இல்லை. முந்தி அழித்தவர்க்கு மன்னிப்பும், பிந்தி அழித்தவர்க்குத் தண்டமும் விதிக்கும் இவ்வேடு நேற்றைய தவற்றை நிறுத்துதற்குப் பயன்படுமேயன்றி, நாடுகளின் அறத்தை நிறுத்தற்குரிய துலாக்கோல் ஆகாது.

இந்தியக் கோழி உண்ணும் சோயா பெரும்பாலும் மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ராஜஸ்தான் பக்கங்களில் பழைய விளைநிலங்களில் விளைவது. அதனால் மேற்கூறிய பழி நம் முட்டையை அணுகுவதில்லை. ஆயினும் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில், பிண்ணாக்கின் விலை பண்ணையாளர் தாங்கவொண்ணாதவாறு ஏறியபொழுது, மரபணு மாற்றிய சோயாப் பிண்ணாக்கு 12 லட்சம் டன் வெளிநாட்டினின்று வரவழைக்க இந்திய அரசு இசைந்தது. ஒரே ஆண்டின் விலையேற்றம் ஒரு நாட்டு முட்டையின் கணக்கை மாற்றிவிடக் கூடும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. நாட்டின் எண் என்று ஒன்றை நிலையாய்க் கல்லிற் பொறித்தல் இயலாது.

அடுத்தது எரு. இதனைப் பலர் அருவருத்து விலக்குவர். எமக்கோ இப்பொருளில் மிகவும் வியப்பளித்த பகுதி இதுவே. கோழியின் எச்சம் காற்றுப்பட உலர்ந்தால் மீதேன் ஏறக்குறையப் பிறப்பதில்லை. அதுவே நீரோடு கலந்து குழியிற் கிடந்து காற்றற்றுப் புளித்தால் மீதேன் பெருகும். காலநிலைக் குழுவின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டி நூல், வளர்ந்த நாடுகளின் முட்டைக்கோழி ஒன்றுக்கு, எச்சத்தை உலர்வாய் வைத்தால் ஆண்டிற்கு 0.03 கிலோ மீதேனும், ஈரமாய் வைத்தால் இளவெப்ப நாடுகளிலும் வெப்ப நாடுகளிலும் 1.4 கிலோ மீதேனும் உண்டாகும் என்கின்றது. ஒரு கோழி ஆண்டிற்கு 60 கிராம் நிறையுள்ள 300 முட்டைகள் இடுவதாகக் கொள்வோம். மொத்தம் 18 கிலோ. ஈர எருவாயின் மீதேன் மட்டுமே ஒரு கிலோ முட்டைக்கு ஏறக்குறைய 2.1 கிலோ வாயுப்பளுவைச் சேர்க்கும். உலர் எருவாயின் 0.05 கிலோவும் சேராது. அதே கோழி, அதே தீவனம், அதே முட்டை. எச்சம் விழும் இடம் ஒன்றே வேறு. கோழி இறைச்சிக் கணக்கில் எருவின் பங்கு 6 சதவீதமே யாக, முட்டைக் கணக்கில் 20 ஆனதற்கும் இதுவே காரணம். இறைச்சிக் கோழி உமியும் மரத்தூளும் பரப்பிய தரையில் உலர்ந்த எருவின்மேல் வாழ்கின்றது; முட்டைக் கோழியின் எச்சமோ பல நாடுகளில் குழிகளில் நெடுநாள் ஈரமாய்த் தேக்கப்படுகின்றது.

நாமக்கல் பகுதியில் கூண்டு வரிசைகளை உயர்த்திக் கட்டிப் பக்கங்களைத் திறந்துவிட்ட கொட்டகைகளே மிகுதி. எச்சம் கீழே குவிந்து வெயிலிலும் காற்றிலும் உலர, பின்னர் லாரிகளில் ஏற்றி வயல்களுக்கு விற்பர். மழைக்காலத்தில் அஃது ஈரமாகி ஈ மொய்த்தல் அண்டை ஊரார்க்குத் தொல்லையே. ஆயினும் கணக்கேட்டின் கண்கொண்டு நோக்கின், குளிர்நாட்டு இயந்திரப் பண்ணையின் நீர்க்குழியினும் நம் திறந்த கொட்டகை மேம்பட்டது. மின்விசிறியும் வெப்பமூட்டியும் பெரும்பாலும் வேண்டாமை மற்றொரு நலம். குஞ்சுகளுக்குச் சூடு தருதற்கும் மாலைநேர விளக்கிற்குமே மின்சாரம் செலவாகின்றது. அம்மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிற் பிறப்பது என்பதையும் மறைத்தலாகாது.

இனிக் காலத்தால் உண்டாகும் வேற்றுமை. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முட்டைத் தொழிலை 1960ஆம் ஆண்டிலும் 2010ஆம் ஆண்டிலும் ஒப்பிட்டு நேதன் பெல்லெட்டியர் முதலியோர் 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒரு கிலோ முட்டையின் வாயுப்பளு ஐம்பதாண்டுகளில் 71 சதவீதம் குறைந்ததாம். முட்டையின் மொத்த உற்பத்தி 30 சதவீதம் கூடியிருந்தும் தொழிலின் மொத்தப் பளு 63 சதவீதம் தாழ்ந்ததாம். 1960இல் ஒரு கிலோ முட்டைக்கு 3.44 கிலோ தீவனம் வேண்டியிருந்தது, 2010இல் 1.98 கிலோவே போதியது. கனடாவிலும் 1962க்கும் 2012க்கும் இடையே 72 சதவீதம் குறைந்ததென அதே ஆசிரியர் பின்னர்க் கண்டார். கோழியின் வர்க்கம் திருந்தியது, நோய்கள் அடங்கின, தீவனத்தில் இறைச்சித்தூளும் எலும்புத்தூளும் குறைந்தன, உர ஆலைகளும் போக்குவரத்தும் சிக்கனம் கற்றன. அமெரிக்க ஆராய்ச்சி முட்டைத் தொழில் சார்ந்த அமைப்புக்களின் பொருளுதவியால் நடந்தது என்பதைப் படிப்போர் நினைவிற் கொள்ளுதல் நன்று. அதனால் எண்கள் பொய்யாகிவிடா. ஆனால் எதனை எண்ணினர், எதனை எண்ணாமல் விட்டனர் என்று இருமுறை பார்க்கும் கடமை நமக்கு உண்டாகின்றது. எண்ணாமல் விட்டவற்றுள் ஒன்று, அக்கோழி எத்தகைய கூண்டில் எங்ஙனம் வாழ்ந்தது என்பது.

இக்கேள்வியை ஐரோப்பியர் விட்டுவிடவில்லை. ஸ்விட்ஸர்லாந்து 1992க்குள் சிறுகூண்டு முறையை ஒழித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் இயற்றிய ஆணையின்படி 2012 ஜனவரி முதல் பழைய வெறுங்கூண்டுகள் அங்கு விலக்கப்பட்டன. அப்போதே, கூண்டை விட்டுக் கோழியை வெளியே விட்டால் வாயுப்பளு கூடுமன்றோ என்ற வாதம் எழுந்தது. வாதம் ஆதாரமற்றதன்று. இங்கிலாந்தின் நிலையை ஆராய்ந்து லைனோனன் முதலியோர் 2012இல் வெளியிட்ட கணக்கில், ஒரு கிலோ முட்டையின் பளு கூண்டு முறையில் 2.92 கிலோ, கொட்டகைத் தரையில் 3.45, வெளியில் மேய விட்டால் 3.38, இயற்கை உழவு முறையில் 3.42. கூண்டுக்கோழி அலைவதில்லை; ஆதலின் குறைவாய் உண்டு நிறைய இடுகின்றது. அடைபட்டோன் உணவுச் செலவு குறைவு என்பது சிறைச்சாலைக் கணக்கனும் அறிந்ததே.

ஆயின் வேற்றுமையின் அளவை நோக்குக. கூண்டிற்கும் வெளிமேய்ச்சலுக்கும் இடைப்பட்டது ஒரு கிலோவுக்கு 0.46 கிலோ, ஒரு முட்டைக்கு ஏறக்குறைய 28 கிராம். மேலே கண்ட ஈர எருவுக்கும் உலர் எருவுக்கும் இடைப்பட்டது 2 கிலோவுக்கு மேல். சோயாவை எங்கு வாங்குவது என்பதனால் வரும் வேற்றுமையும் சிறிதன்று. பெரிய கதவுகள் இரண்டு திறந்து கிடக்க, சிறிய சாளரத்தை அடைப்பதற்காகக் கோழியின் சிறகை ஒடுக்குவது அறிவுடைமையாகாது என்பது எம் துணிபு. இந்தியாவில் 2017இல் சட்ட ஆணையம் தன் 269ஆம் அறிக்கையில் கோழிகளின் இருப்பிடத்தைப் பற்றி ஆராய்ந்தது. 2023இல் முட்டைக்கோழி விதிகள் வெளிவந்தன. ஒரு கோழிக்கு 550 சதுர சென்டிமீட்டராவது இடம் வேண்டும் என்பது அவற்றின் விதி. நாம் தேர்வு எழுதும் ஏ4 தாளின் பரப்பே 624 சதுர சென்டிமீட்டர். இதற்கு மேலும் குறைத்துச் சிக்கனம் காட்டுவோம் என்பார்க்கு யாம் கூற வேறொன்றும் இல்லை.

ஆப்பிரிக்க நாடுகளின் சிற்றூர்களிலும் நம் சிற்றூர்களிலும் வளரும் கொல்லைக் கோழியை இனிக் காண்போம். எத்தியோப்பியாவின் ஊர்க்கோழி ஆண்டிற்கு 40 முதல் 60 முட்டையே இடும். நடுவே அடைகாக்கும், 21 நாள் முட்டையின்மேல் அமர்ந்து, பின் குஞ்சுகளை மேய்த்துத் திரியும். அக்காலமெல்லாம் முட்டை இல்லை. கர்த்தர் எருசலேமுக்காகப் புலம்பியபோது உவமையாய் எடுத்தாண்ட அத்தாய்க்கோழியின் குணம் பண்ணைக்கோழியின் வர்க்கத்தில் ஏறக்குறைய அற்றுப்போயிற்று, வேண்டுமென்றே அகற்றினர். கணக்கேட்டில் அடைகாத்தல் ஒரு வீண்செலவு. குஞ்சுகளுட் பல பருந்துக்கும் கீரிக்கும் நோய்க்கும் இரையாகும். இத்தனை இழப்பும் கூடி, உணவு உழவு அமைப்பின் கணக்கில் கொல்லைக்கோழி முட்டையின் பளு ஒரு கிலோவுக்கு 4.2 கிலோ என நிற்கின்றது.

இவ்வெண்ணைக் கண்டு சிலர் ஊர்க்கோழியே உலகைச் சுடுகின்றது என்பர். எமக்கோ அவ்வெண் இவ்வளவு சிறிதாயிருப்பதே வியப்பு. பண்ணைக்கோழி ஆறு பங்கு முட்டையிட ஊர்க்கோழி ஒரு பங்கு இடுகின்றது. எனினும் பளு சற்றே கூடுதல். காரணம், அதற்கு வாங்கிய தீவனம் மிகச் சிறிது. சோயாக் கப்பலும் இல்லை, மின்சாரமும் இல்லை. புழுவும் பூச்சியும் களத்திற் சிந்திய மணியும் அடுப்பங்கரை எச்சிலும் அதன் உணவு. பட்டினப்பாலையில், உலர்ந்த நெல்லைக் கொத்த வந்த கோழியை மகளிர் தம் பொற்குழையைக் கழற்றி எறிந்து ஓட்டிய காட்சி நம்மவர் அறிந்ததே. உரையாசிரியர் அதனைச் செல்வத்தின் மிகுதிக்குச் சான்றாகக் கொள்வர். யாம் அதனுள் மற்றொன்றும் காண்கின்றோம்: மனிதன் உண்ணும் மணியைக் கோழியும் உண்ண வரின் அது விரட்டப்பட்டது. இன்று உலகின் மக்காச்சோளத்தில் பெரும்பகுதி விலங்குகளுக்கும் பறவைகளுக்குமே விளைகின்றது.

ஊர்க்கோழியின் பளுவைக் குறைக்க அதனைப் பண்ணைக்கோழி ஆக்க வேண்டுவதில்லை. சாகாமற் காத்தலே பாதி வேலை. நம் ஊர்களில் வெள்ளைக்கழிச்சல் என்று வழங்கும் நோய், நூல்களில் இமயமலைச் சாரலிலுள்ள ராணிக்கேத் என்னும் ஊரின் பெயரால் குறிக்கப்படுவது, ஒரு கோடையில் ஒரு தெருவின் கோழிகளை முற்றும் கொண்டுபோகும். இறந்த கோழி அதுவரை தின்றதெல்லாம் முட்டையின்றி வீணாகும். தடுப்பு மருந்து விலை குறைந்தது, பழக்கத்தில் உள்ளது. கணக்கிற்கும் கருணைக்கும் ஒருங்கே பொருந்தும் வழி இவ்வாறு அரிதாகவே அமைகின்றது.

இதுகாறும் ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்றே பேசினோம். ஒரு தலைக்கு எவ்வளவு என்று கேட்டால் படம் வேறாகிவிடும். 2023-24இல் இந்தியாவில் ஏறக்குறைய 14,277 கோடி முட்டைகள் உற்பத்தியாயின. ஆந்திரப் பிரதேசம் முதலிடம், தமிழ்நாடு அடுத்தது. தலைக்கு ஆண்டிற்கு 103 முட்டை என்பது அரசின் கணக்கு. ஒரு முட்டை 55 கிராம் என்றும், பளு உலகச் சராசரியான 3.7 என்றும் கொண்டால், இந்தியர் ஒருவரின் முட்டையால் ஆண்டிற்கு ஏறக்குறைய 21 கிலோ வாயுப்பளு உண்டாகின்றது. அமெரிக்கர் ஒருவர் ஏறக்குறைய 280 முட்டை உண்கின்றார். அவர்களுடைய பண்ணைகளின் திறமையை மதித்து ஒரு கிலோவுக்கு 3 என்றே குறைத்துக் கணக்கிடினும் அவர் பங்கு 46 கிலோவுக்குக் குறையாது. மெக்ஸிகோவிலும் ஜப்பானிலும் தலைக்கு 300க்கு மேல் உண்கின்றனர். திறமையான பண்ணையின் முட்டையை நிறைய உண்பவரும், திறமை குறைந்த பண்ணையின் முட்டையை எப்பொழுதோ ஒரு நாள் உண்பவரும் ஒரே அட்டவணையில் நின்றால், பின்னவரே குற்றவாளி போல் தோன்றுவார். கிலோக்கணக்கு பண்ணையாளர்க்கு உரியது. தலைக்கணக்கு குடிமக்களுக்கு உரியது. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைப்பதே இத்துறையில் நிகழும் மயக்கங்களுள் பெரியது.

பள்ளி மதிய உணவில் முட்டை சேர்க்கும் வழக்கம் தமிழ்நாட்டில் 1989இல் இரு வாரத்திற்கு ஒன்று எனத் தொடங்கிற்று. 2010 முதல் வாரத்திற்கு ஐந்தாயிற்று. நம் சபைகள் நடத்தும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் இவ்வுணவு வழங்கப்படுகின்றது. முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம். ஒரு குழந்தை ஆண்டில் 40 பள்ளி வாரங்களில் 200 முட்டை உண்பதாகவும், ஒவ்வொன்றும் 50 கிராம் எனவும் கொண்டால் மொத்தம் 10 கிலோ முட்டை. வாயுப்பளு 37 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமிலவாயு எழும். ஆகவே அக்குழந்தையின் ஓராண்டு முட்டை 16 லிட்டர் பெட்ரோலுக்கு ஒப்பாகும். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் மோட்டார் சைக்கிளில் அப்பெட்ரோலை ஊற்றினால் 800 கிலோமீட்டர் போகலாம்; சென்னையிலிருந்து புறப்பட்டு நாகர்கோவில் சேர்வதற்கு அது போதும், சற்று மிஞ்சவும் செய்யும்.